மர முளையைத் தள்ளிய எண்ணெய்

ஆயில் பிரஷர் காட்டும் முள் உள்ள வண்டி என்றால் அதைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி, வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது முள் ஒரு பாரை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எழுந்து மூன்று, நான்கு என்று ஏறும். பார்க்கிற எவருக்கும் தோன்றுவது இதுதான்: பம்ப் எண்ணெயை அழுத்துகிறது; அந்த அழுத்தம் கிராங்க் ஷாஃப்டைப் பேரிங்கில் உரசாமல் ஏந்திக்கொள்கிறது; வேகம் கூடினால் அழுத்தமும் கூடுகிறது, தாங்கும் பலமும் கூடுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது.

80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் பற்றி எரியும் உச்சத்தில் சிலிண்டருக்குள் 60 பார் அழுத்தம் என்றால், பிஸ்டன் தலையில் இறங்கும் பாரம் ஏறக்குறைய மூன்று டன். அந்த மூன்று டன்னும் கனெக்டிங் ராடு வழியாக இறங்கி, கிராங்கைக் கவ்வியிருக்கும் பிக் எண்ட் பேரிங்கில் உட்காருகிறது. பேரிங் 45 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்தால், அங்கே சராசரி அழுத்தம் 330 பார். சராசரியே அவ்வளவு, நடுவில் இன்னும் கூடுதல். பம்ப் கொடுப்பதோ மூன்றோ நான்கோ பார். நூறில் ஒரு பங்கு. இந்தப் பம்பை நம்பியிருந்தால் எஞ்சின் முதல் வெடிப்பிலேயே உலோகத்தோடு உலோகம் உரசி இறுகியிருக்கும். அப்படியாவதில்லை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய எஞ்சினைப் பிரித்தாலும், நன்றாகப் பராமரித்திருந்தால், பேரிங் ஓடுகள் மழமழவென்று இருக்கின்றன.

மீதி அழுத்தம் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை கிடைத்தது 1883ல், லண்டனில். விடையைத் தேடி யாரும் போகவில்லை. ஒரு துளையை அடைக்கப் பார்த்தார்கள், அது அடைபட மறுத்தது.

அன்றைய நிலவரத்தைச் சொன்னால்தான் அந்தத் துளையின் அருமை புரியும். உராய்வைப் பற்றிப் பொறியாளர்கள் படித்ததெல்லாம் பிரெஞ்சுக்காரர்களின் பாடம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூலூம் செய்த சோதனைகள், 1830களில் மெட்ஸ் நகரில் ஆர்தர் மோரென் செய்த சோதனைகள், இவைதான் ஆதாரம். பாரம் இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும்; வேகத்துக்கும் உராய்வுக்கும் சம்பந்தமில்லை. உலர்ந்த பரப்புகளுக்கு இது பெரும்பாலும் சரி. எண்ணெய் விட்ட பேரிங்குக்கும் அதே சூத்திரத்தை வைத்துக்கொண்டு, குணகத்தை மட்டும் குறைத்துப் போட்டுவிட்டார்கள். எண்ணெய் என்பது உரசலைக் கொஞ்சம் சாந்தப்படுத்தும் சரக்கு, அவ்வளவே. அல்சேஸில் நெசவாலைகளோடு பழகிய குஸ்தாவ் அடால்ஃப் ஹிர்ன், எண்ணெய் விட்ட பேரிங்கில் வேகமும் வெப்பமும் உராய்வை மாற்றுகின்றன என்று 1854லேயே எழுதிவிட்டார். பாடப்புத்தகங்கள் அசையவில்லை.

ரயில்வேக்களுக்கு மட்டும் இது பணப் பிரச்சினை. பெட்டிகளின் அச்சுகள் சூடேறி இறுகுவது அன்றாடக் கதை. எந்த எண்ணெய், எவ்வளவு, எப்படி ஊற்றுவது என்பதில் ஆளுக்கொரு கொள்கை. அதனால் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகம் உராய்வை ஆராய ஒரு குழுவை அமைத்தது. சோதனைகளைச் செய்யும் பொறுப்பு போஷாம் டவர் என்பவரிடம் வந்தது.

டவர் 1845ல் பிறந்தவர். கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து நீரின் தடையை அளந்த வில்லியம் ஃப்ரூடிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். உருண்டை வடிவ நீராவி எஞ்சின் ஒன்றையும், ஆடும் கப்பலில் பீரங்கியை ஆடாமல் நிறுத்தும் மேடை ஒன்றையும் உருவாக்கியவர். ஃப்ரூடிடம் பழகியதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய சொத்து என்று எனக்குப் படுகிறது. ஒரு பரப்பு திரவத்தினூடே போகும்போது திரவம் என்ன செய்யும் என்பதை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்த ஆள், மற்றவர் கண்ணுக்கு வெறும் எண்ணெய்க் கசிவாகத் தெரிந்ததை அலட்சியமாகத் துடைத்துவிட்டுப் போகவில்லை.

அவர் அமைத்த கருவி எளியது. நான்கு அங்குல விட்டமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட எஃகுத் தண்டு. அதன் முதுகில், முழு வட்டமாக இல்லாமல், 157 பாகை அளவே கவிழ்ந்திருக்கும் வெண்கலப் பேரிங். ரயில் பெட்டியின் அச்சில் இருப்பதும் இதே அமைப்புதான்: பாரம் மேலிருந்து அழுத்தும், கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். தண்டின் கீழே எண்ணெய்த் தொட்டி. தண்டு சுழலும்போது அடிப்பகுதி எண்ணெயில் நனைந்து மேலே போகும். பேரிங்கின் மேல் எடையை ஏற்றலாம், வேகத்தை மாற்றலாம், பேரிங்கைத் தண்டு எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அளக்கலாம். ஆலிவ் எண்ணெய், பன்றிக் கொழுப்பு எண்ணெய், திமிங்கில எண்ணெய், கனிம எண்ணெய் என்று ஒவ்வொன்றாக ஓட்டினார்.

முதல் அதிர்ச்சி அளவுகளிலேயே வந்தது. எண்ணெய்த் தொட்டியில் நனைந்து ஓடும் தண்டின் உராய்வுக் குணகம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. அதைவிட விசித்திரம், பாரத்தை ஏற்ற ஏற்ற மொத்த உராய்வு ஏறக்குறைய அப்படியே நின்றது. வேகத்தைக் கூட்டினால் கூடியது. பாடப்புத்தகம் சொன்னதற்கு நேர் எதிர். திடப்பொருள்கள் ஒன்றையொன்று தேய்ப்பதாகத் தெரியவில்லை. இடையில் ஒரு திரவம் இழுபடுவதுபோல் இருந்தது.

அடுத்து, ரயில்வேக்களில் வழக்கமாக இருந்தபடி மேலிருந்து சொட்டும் எண்ணெய்க் குப்பியைச் சோதிக்க நினைத்தார். அதற்காகப் பேரிங்கின் உச்சியில், நட்ட நடுவே, அரை அங்குலத் துளை ஒன்று போடப்பட்டது.   குப்பியை வைப்பதற்கு முன், தொட்டியில் எண்ணெய் இருக்கும்போதே கருவியை மறுபடி ஓட்டினார்கள். இப்போது அந்தத் துளையின் வழியே எண்ணெய் மேலே ஏறி வழியத் தொடங்கியது. கீழே தொட்டியில் இருக்கும் எண்ணெய், பாரத்துக்கு அடியில் புகுந்து, உச்சியைப் பிளந்துகொண்டு வருகிறது!

இடமெல்லாம் அழுக்காகிறதே என்று துளையில் ஒரு தக்கையைச் சொருகினார்கள். தக்கை வெளியே வந்தது. மரத்தில் முளை செதுக்கி அடித்து இறக்கினார்கள். அதுவும் மெல்ல மெல்ல எழும்பி வெளியே வந்தது. கடைசியில் டவர் செய்ததுதான் ஆராய்ச்சியாளன் செய்கிற வேலை: அடைப்பதை விட்டுவிட்டு, அதே துளையில் அழுத்தமானியைத் திருகினார். பேரிங்கின் மேல் ஏற்றியிருந்த பாரத்தைப் பரப்பால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. முள் 200ஐயும் தாண்டிப் போனது.

இதன் பொருளை அவர் உடனே பிடித்துக்கொண்டார். அந்த வெண்கலம் எஃகின்மேல் உட்காரவே இல்லை, எண்ணெயின்மேல் மிதக்கிறது. பம்ப் எதுவும் இல்லை. திறந்த தொட்டியில், வளிமண்டல அழுத்தத்தில் கிடக்கும் எண்ணெய். அதைப் பேரிங்குக்குள் இழுத்துச் சென்று, அழுத்தி, தன் தலைமேல் இருந்த பாரத்தையே தூக்கிக்கொண்டது சுழலும் தண்டு. 1883ல் முதல் அறிக்கை வந்தது.

துளையில் குப்பியை வைத்துச் சோதித்தபோது எண்ணெய் இறங்க மறுத்தது, குறைந்த பாரத்திலேயே பேரிங் சூடேறி மல்லுக்கு நின்றது; அதன் காரணமும் இத்துடன் வெளிச்சமானது. அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் துளை போட்டுவிட்டு, அதன் வழியே எண்ணெய் சொட்டும் என்று காத்திருந்தால் எப்படி இறங்கும்? எண்ணெய் விடுவதற்கென்று போட்ட துளை எண்ணெய் தப்பி ஓடும் வாசலாக இருந்திருக்கிறது. ஊர் உலகத்தில் எத்தனையோ பேரிங்குகள் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தன.

1885ல் வந்த இரண்டாவது அறிக்கைதான் என் கண்ணில் டவரின் மேதைமைக்குச் சான்று. முதலாவதில் அதிர்ஷ்டம் பாதி. இரண்டாவதில் எல்லாம் உழைப்பு. பேரிங்கின் பல இடங்களில் நுண்ணிய துளைகள் போட்டு, நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் எண்ணெயின் அழுத்தத்தை அளந்து வரைபடமாக்கினார். ஓரங்களில் சுழி, உள்ளே போகப்போக ஏற்றம், நடுவைச் சற்றுத் தாண்டி உச்சம். பாரம் 8008 பவுண்டு, அதாவது சதுர அங்குலத்துக்குச் சராசரியாக 333 பவுண்டு என்றிருந்தபோது, நடுவில் அழுத்தம் 625. அளந்த அழுத்தங்களையெல்லாம் பரப்போடு பெருக்கிக் கூட்டிப் பார்த்தார்: 7988 பவுண்டு. ஏற்றியிருந்ததற்கும் எண்ணெய் தாங்கியதற்கும் வித்தியாசம் 20 பவுண்டு. உலோகம் உலோகத்தைத் தொட்டுத் தாங்கியதாகச் சொல்ல மிச்சமே இல்லை.

ஆனால் எண்ணெய் ஏன் இப்படிச் செய்கிறது? டவரிடம் அதற்கு விடை இல்லை. அந்த 1883 எண்ணெய்க்கு விசேஷமான ஆண்டு. ரஷ்யாவில் நிகொலாய் பெத்ரோவ், ரயில் அச்சுகளுக்கு பாக்கூ பெட்ரோலிய எண்ணெய் உதவுமா என்ற கேள்வியில் இறங்கி, பேரிங்கின் உராய்வு முழுக்க எண்ணெயின் பாகுத்தன்மையிலிருந்தே வருகிறது என்று அதே ஆண்டில் எழுதினார். உராய்வை அவர் சரியாகக் கணித்தார். ஆனால் தண்டு பேரிங்கின் சரி நடுவில் சுழல்வதாக வைத்துக்கொண்டதால், பாரத்தை எது தாங்குகிறது என்பது அவர் கணக்குக்குள் வரவில்லை. குழாயில் நீர் எப்போது ஒழுங்காக ஓடும், எப்போது கலங்கும் என்ற புகழ்பெற்ற சோதனையை மான்செஸ்டரின் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் வெளியிட்டதும் 1883லேதான். டவரின் எண்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவரும் அவரே. 1886ல் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் அவர் கட்டுரை வந்தது. டவரின் சோதனைகளை விளக்குவதுதான் அதன் நோக்கம் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்.

ரெய்னால்ட்ஸ் கண்டது இது. பேரிங்கின் உள்வட்டம் தண்டைவிட ஒரு மயிரிழை பெரியது. பாரம் அழுத்தும்போது தண்டு ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. அதனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் ஒடுங்கி, ஆப்பு வடிவில் அமைகிறது. எண்ணெய் தண்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் சுழல்கிறது. அகன்ற வாயில் நிறைய எண்ணெய் நுழைகிறது. ஒடுங்கிய வாயில் அவ்வளவும் வெளியேற இடமில்லை. எண்ணெயோ நசுங்காது. நுழைவதும் வெளியேறுவதும் சமமாக வேண்டுமென்றால் ஒரே வழி, நடுவில் அழுத்தம் எழ வேண்டும்; அது நுழைவதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, வெளியேறுவதை முன்னுக்குத் தள்ளும். அந்த அழுத்தம்தான் டவரின் மர முளையைப் பிடுங்கியது. மழை பெய்த நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் கார், டயருக்கு அடியில் நீர் ஆப்புபோல் புகுந்து தூக்கிவிட, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாமல் வழுக்குவதும் இதே சங்கதிதான். பேரிங்கில் நாம் வேண்டி நிற்பது, சாலையில் உயிரை எடுக்கிறது.

அந்தக் கட்டுரையில் என்னை வியக்க வைப்பது சமன்பாடு இல்லை. டவரின் வெண்கலமும் தண்டும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தியதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படிப் பொருந்தியிருந்தால் ஆப்பு கிடையாது, அழுத்தமும் கிடையாது என்று ரெய்னால்ட்ஸ் கண்டார். ஆகவே இரண்டின் ஆரங்களுக்கும் வித்தியாசம் இருந்தே தீர வேண்டும். டவரின் அளவுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அந்த வித்தியாசத்தையும் சொன்னார்: அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. யாரும் அளக்காத ஓர் இடைவெளியை மான்செஸ்டரில் நாற்காலியில் உட்கார்ந்தபடி அளந்துவிட்டார். இன்றைக்கும் மெக்கானிக் பேரிங் கிளியரன்ஸ் பார்க்கும்போது, தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதுதான் பழைய கைக்கணக்கு.

இனி வேகத்தின் விஷயம். ரெய்னால்ட்ஸின் கணக்குப்படி, தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தின் அழுத்தம் எண்ணெயின் பாகுத்தன்மையோடும் தண்டின் வேகத்தோடும் கூடும். படலத்தின் தடிமன் கூடினால் அதன் இருமடிக்கு ஏற்பக் குறையும். அப்படியானால் வேகத்தை இரட்டித்தால் அழுத்தமும் இரட்டிக்குமா? ஒரு கணம் இரட்டிக்கப் பார்க்கும். ஆனால் தண்டு கட்டிப்போட்டதில்லையே. கூடுதல் அழுத்தம் அதை எழுப்பும். எழும்பினால் படலம் தடிக்கும். தடித்தால் அழுத்தம் இறங்கும். பாரத்துக்குச் சமமான இடத்தில் வந்து நிற்கும். பாரம் மாறாதவரை படலம் தாங்கும் மொத்த விசையும் மாறாது. மூன்று டன் ஏற்றினால் மூன்று டன் தாங்கும். மெதுவாக ஓடினாலும் அவ்வளவே, வேகமாக ஓடினாலும் அவ்வளவே. வேகம் மாற்றுவது தண்டு நிற்கும் இடத்தை. மெதுவாக ஓடும்போது தண்டு அடிச்சுவரை ஒட்டி, மெல்லிய படலத்தின்மேல், கூரான உச்ச அழுத்தத்தோடு ஓடுகிறது. வேகம் ஏற ஏற நடுவை நோக்கி எழும்புகிறது. படலம் தடிக்கிறது, அழுத்தம் பரவலாகி உச்சி மழுங்குகிறது. ஆக, வேகத்தோடு படலத்தின் உச்ச அழுத்தம் கூடுவதற்குப் பதில் குறையவே செய்கிறது. காரின் முகப்பில் ஏறுகிற முள் இதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

தண்டு எழும்பும் பாதையும் வேடிக்கையானது. நிற்கும்போது அடியில் உலோகத்தோடு உலோகமாகக் கிடக்கிறது. சுழலத் தொடங்கியதும் உரசலின் பிடியில் ஒரு பக்கச் சுவரில் ஏறப் பார்க்கிறது. படலம் பிறந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. எண்ணெய் அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. பிறகு வேகத்தோடு ஏறத்தாழ ஓர் அரைவட்டப் பாதையில் நடுவை நோக்கி நகர்கிறது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷ்ட்ரிபெக் 1902ல் வெளியிட்ட அளவுகளில் இந்த மாற்றம் வளைகோடாகவே தெரியும்: வேகம் ஏற ஏற உராய்வு முதலில் சரிந்து, ஒரு பள்ளத்தில் இறங்கி, பிறகு மெல்ல ஏறும். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் உலோகம் தொடுகிறது; அந்தப் பக்கம் எண்ணெய் மட்டும்.

ரெய்னால்ட்ஸின் சமன்பாட்டை முழு வட்டப் பேரிங்குக்குத் தீர்த்துக்கொடுத்தவர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு, 1904ல். பின்னாளில் அணுக் கோட்பாட்டில் பெயர் பெற்ற அதே சோமர்ஃபெல்டு. அடுத்த ஆண்டே மெல்பர்னில் மிச்செல் என்ற பொறியாளர், சாயக்கூடிய தட்டுகளை வைத்து ஆப்பைத் தானாக உருவாக்கிக்கொள்ளும் பேரிங்கை அமைத்தார். அமெரிக்காவில் ஆல்பர்ட் கிங்ஸ்பரியும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1912ல் பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் அவர் வைத்த பேரிங், 200 டன்னை நெருங்கும் பாரத்தை அங்குலத்தின் சில ஆயிரத்தில் ஒரு பங்குப் படலத்தின்மேல் சுழல வைத்தது.

அப்படியானால் பம்ப் எதற்கு? பாரத்தைத்தான் படலமே தாங்கிக்கொள்கிறதே.

பம்பின் கதை வேறு ஊரில், ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்குகிறது. மின்சாரம் வந்த புதிது; டைனமோவைச் சுழற்ற வேகமான நீராவி எஞ்சின்கள் தேவைப்பட்டன. பிஸ்டனை இரு பக்கமும் நீராவி தள்ளும் எஞ்சினில், ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கின்மேல் விழும் பாரம் திசை மாறும். வேகம் கூடினால் தண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதித் தட்டும். பீட்டர் வில்லன்ஸ், ஒரு பக்கம் மட்டும் தள்ளும் எஞ்சினைக் கட்டி இதைத் தவிர்த்தார். பர்மிங்ஹாமில் பெல்லிஸ் நிறுவனத்தின் வரைவாளர் ஆல்பர்ட் பெய்ன் வேறு வழி கண்டார்: பம்ப் வைத்து, தண்டிலேயே துளை போட்டு, ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெயை அழுத்தி அனுப்புவது. 1890ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சந்துகள் எப்போதும் எண்ணெயால் நிரம்பியே இருந்ததால் தட்டல் போயிற்று.

பம்பின் வேலை அவ்வளவுதான்: சந்தை வறண்டுபோக விடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பது, கூடவே வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவது. பாரம் தூக்குவது தண்டின் பொறுப்பு. 1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பே கிடையாது. ஃப்ளைவீல் வாரியடித்த எண்ணெயை வைத்தே கோடிக்கு மேற்பட்ட கார்கள் ஓடின. அந்த எஞ்சின் சுற்றிய நிதானத்துக்கு அது போதுமாக இருந்தது.

முள் ஏன் வேகத்தோடு ஏறுகிறது என்பதும் இப்போது எளிது. ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு எண்ணெயைத் தள்ளியே தீரும். சுற்று இரட்டித்தால் எண்ணெயும் இரட்டிக்கும். அந்த எண்ணெய் வெளியேற உள்ள வழி பேரிங்குகளின் பக்கவாட்டுச் சந்துகள்தான். அதே சந்தில் இரண்டு மடங்கு எண்ணெய் போக வேண்டுமென்றால் இரண்டு மடங்கு அழுத்தம் வேண்டும். நான்கு, ஐந்து பார் என்று ஏறியதும் ரிலீஃப் வால்வ் திறந்து மிச்சத்தைத் திருப்பிவிடும். முள் அதற்குமேல் நகராது. 40 டிகிரியில் இருந்ததைவிட 100 டிகிரியில் வழக்கமான 15டபிள்யூ-40 எண்ணெய் ஏழெட்டு மடங்கு இளகிவிடும். அதனால் சூடான எஞ்சினின் ஐடிலில் முள் விழுகிறது. கசிவு, சந்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தேய்ந்து சந்து இரட்டித்தால் எட்டு மடங்கு எண்ணெய் ஓடிவிடும். எஞ்சின் தேய்மானத்தை அனுபவசாலி மெக்கானிக் சூடான ஐடிலில் பிரஷர் பார்த்துச் சொல்லிவிடுவதன் காரணம் இதுவே. அவர் படலத்தைப் பார்க்கவில்லை, கசிவைப் பார்க்கிறார்.

ஆனாலும் அந்த மூன்று நான்கு பாரை இளக்காரமாக நினைக்கக் கூடாது. வேகமான எஞ்சினில் அதற்கு ஓர் எதிரி உண்டு. பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய், மெயின் பேரிங்கின் பள்ளத்திலிருந்து கிராங்க் ஷாஃப்டுக்குள் இருக்கும் துளை வழியே போக வேண்டும். அந்தத் துளை தண்டின் மையத்தைக் கடந்து போகிறது என்றால், சுழலும் தண்டு வெளியே வீசும் விசையை எதிர்த்துத்தான் எண்ணெய் மையம்வரை நுழைய முடியும். 60 மில்லிமீட்டர் தண்டில் 3000 சுற்றுக்கு அதற்கு 0.4 பார் போதும். 6000 சுற்றில் நான்கு மடங்காகி ஒன்றரை பார் ஆகிவிடும். முகப்பு முள் ஒரு பார் காட்டுகிறது, விளக்கு எரியவில்லை என்று நம்பி விரட்டினால், பிக் எண்ட் உள்ளே வறண்டுகொண்டிருக்கும். விளக்கை ஏற்றும் சுவிட்சோ பெரும்பாலும் அரை பாருக்கும் கீழே போனால்தான் எழுந்து கத்தும். சில பந்தய எஞ்சின்களில் தண்டின் முனையிலிருந்தே, மையத்திலேயே எண்ணெயைச் செலுத்துகிறார்கள். அங்கே வீசும் விசை எதிரியாக இல்லாமல் கூட்டாளியாகி, எண்ணெயைப் பிக் எண்ட் பக்கம் தானே தள்ளிக்கொண்டு போகிறது.

மெயின் பேரிங் ஓடுகளைக் கையில் எடுத்தால் டவரின் துளையின் வாரிசைப் பார்க்கலாம். பெரும்பாலான கார் எஞ்சின்களில் மேல் ஓட்டில் துளையும் சுற்றிலும் பள்ளமும் இருக்கும். கீழ் ஓடு மொட்டையாக, வழவழவென்று இருக்கும். வெடிப்பின் பாரம் விழுவது கீழ் ஓட்டில். அங்கே பள்ளம் வெட்டினால் படலம் இரண்டாகப் பிளந்து அழுத்தம் வடிந்துவிடும். பாரம் இல்லாத பக்கமாகவே எண்ணெயை உள்ளே விட வேண்டும். பழைய ரயில்வேக்காரர்கள் செய்ததை அப்படியே தலைகீழாக்கியது இது. இரண்டு ஓடுகளையும் மாற்றிப் போட்டால் எண்ணெய்த் துளையே அடைபட்டுப்போகும்.

கார் எஞ்சினுக்கு டவரின் கருவிக்கு இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. அங்கே பாரம் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தது. எஞ்சினில் மூன்று டன் விழுவது கண நேரம். 3000 சுற்றில் பிஸ்டன் உச்சியிலிருந்து அடிக்கு வருவதே பத்து மில்லி விநாடி. மெல்லிய சந்திலிருந்து பிசுபிசுப்பான எண்ணெயைப் பிதுக்கித் தள்ள அந்த நேரம் போதாது. பிதுங்கி முடிவதற்குள் பாரம் திசை மாறிவிடும்.

எந்த வேகம் பேரிங்குக்கு நல்லது என்றால் இரண்டு கோடியும் ஆகாது. உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில், ஆக்சிலரேட்டரை அழுத்தி மேட்டில் ஏற்றும் ஓட்டுநர், எஞ்சினை மிச்சம் பிடிப்பதாக நினைப்பார். வெடிப்பின் பாரம் முழுதாக இருக்க, எண்ணெயை இழுத்துக் கொடுக்கும் வேகம் இல்லாமல், படலம் மிக மெலிந்து ஓடும் நேரம் அதுவே. மறு கோடியில் பிஸ்டனை மேலும் கீழும் வீசி நிறுத்தும் விசையே பாரமாகிவிடும். சுற்று இரட்டித்தால் அது நான்கு மடங்கு. எண்ணெய் இழுபட்டுச் சூடாவதும் அப்படியே ஏறும். சூடான எண்ணெய் இளகும். வேகம் கொடுத்ததை வெப்பம் பறித்துக்கொள்ளும். பாரம் குறைந்து வேகம் மிகுந்த டர்பைன் தண்டுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. படலமே தண்டை இழுத்துக்கொண்டு, அதன் சுழற்சியில் ஏறக்குறைய பாதி வேகத்தில் பேரிங்குக்குள் சுற்றிச் சுற்றி ஆட்டும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் நியூகர்க்கும் டெய்லரும் 1925ல் இதை விவரித்தார்கள்.

இப்போது பேரிங் செய்பவர்களின் தலைவலி வேகமின்மை. சிக்னலில் நின்றதும் எஞ்சினைத் தானே அணைத்து, கிளட்ச் மிதித்ததும் கிளப்பும் கார்கள் வந்துவிட்டன. ஹைப்ரிடுகள் ஓடும்போதே எஞ்சினை அணைத்து அணைத்துக் கிளப்புகின்றன. முன்பெல்லாம் வண்டியின் ஆயுளில் சில பத்தாயிரம் தடவை நடந்த ஸ்டார்ட், இப்போது பல மடங்கு. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் தண்டு அடியில் உலோகத்தோடு உலோகமாகக் கிடந்து எழும்ப வேண்டும். அந்த முதல் சில சுற்றுகளில் ரெய்னால்ட்ஸின் ஆப்பு இன்னும் பிறக்கவில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணெயையும் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று இளக்கிக்கொண்டே போகிறார்கள். அது படலத்தை இன்னும் மெலிய வைக்கிறது. அதனால் பேரிங் ஓடுகளின்மேல் வழுக்கும் துகள்கள் கலந்த பாலிமர் பூச்சு ஒன்றை மைக்ரான் கணக்கில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். தண்டு சுழன்று எண்ணெயை இழுத்துக்கொள்ளும்வரை உரசலை அந்தப் பூச்சு வாங்கிக்கொள்ளும்.